கம்பி பிரேக்கும் கடலோர மழையும்

சைக்கிள் பிரேக்குக்கு ஒரு வரலாறு இருக்குன்னு சொன்னா ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. கம்ப்யூட்டருக்கு இருக்கலாம், ரயில் இன்ஜினுக்கு இருக்கலாம், ரெண்டு ரப்பர் துண்டுக்கு என்னய்யா வரலாறுங்கிறாங்க. இருக்கு மக்களே. மெக்கானிக்கல் படிச்சிட்டு கோடு அடிக்கப் போன ஒருத்தனுக்கு, நாலு வருஷம் படிச்சது உருப்படியா உதவினது இந்த ஒரு விஷயத்துலதான். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

எங்க வீடு செங்கல்பட்டுல இருந்து திருக்கழுக்குன்றம் போற ரோட்டு மேல. வீட்டுல தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிள் ஒண்ணு இருக்கு. கம்பி பிரேக், பெரிய கேரியர், இருபது கிலோவுக்கு மேல எடை. அப்பாவுக்கு அறுபது தாண்டிடுச்சு. வாசல்ல ஸ்கூட்டர் நிக்குது, ஆனா அவர் எடுக்கிறது அந்தச் சைக்கிளைத்தான். ஐப்பசி பொறந்து மழை ஆரம்பிச்சா அம்மாவுக்கு வயித்துல புளி கரைய ஆரம்பிச்சிடும். காரணம், நனைஞ்சா அந்த சைக்கிள் நிக்காது. "நிக்கும்டா, கொஞ்சம் தள்ளி நிக்கும்" என்பது அப்பாவோட வாதம். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவுன்னு கணக்குப் போடப் போய்தான் இந்தப் பதிவே வந்தது.

பழைய சைக்கிளுக்கு பிரேக் மாத்துறது எப்படின்னு நெட்ல தேடினா நூறு கட்டுரை கிடைக்குது. எல்லாமே இங்கிலாந்துலயோ அமெரிக்காவிலயோ ஷெட்ல ஒரு பழைய ராலே வெச்சிருக்கிற ஆளுக்கு எழுதினது. நம்ம ஊரு சைக்கிளுக்கு அப்படியே பொருந்தாது. ஏன் பொருந்தாதுன்னு புரிய, கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவத்தி சுத்துறேன், பொறுத்துக்கோங்க.

செருப்புதான் முதல் பிரேக்

வாடகை சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுப் பழகின ஆளுங்களைக் கேட்டா ஒரு டெக்னிக் சொல்லுவாங்க. பிரேக் பிடிக்கலையா, மட்கார்டு இல்லாத முன்சக்கரமா, செருப்புக் காலைத் தூக்கி டயர் மேல வெச்சு அழுத்து. வண்டி நிக்கும், செருப்பு தேயும், வீட்டுல அடி விழும்.

நம்ம பசங்க கண்டுபிடிச்சதா நினைச்ச இந்த டெக்னிக்தான், சைக்கிள் வரலாற்றுல பரவலா இருந்த முதல் பிரேக். 1870கள்ல முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்குமே, அந்த சைக்கிள்கள்ல கரண்டி மாதிரி ஒரு இரும்புத் துண்டு டயருக்கு மேல தொங்கும். கைப்பிடியை அழுத்தினா கரண்டி போய் டயரை அமுக்கும். பேரே ஸ்பூன் பிரேக். டயர் கெட்டி ரப்பர், அதனால தாங்குச்சு. ஆனா ரொம்ப அழுத்தினா ஆள் ஹேண்டில் பாரைத் தாண்டி முன்னாடி குப்புற விழுவார். உட்கார்ந்திருக்கிறது முன்சக்கரத்துக்கு மேல, பின்னாடி எடையே கிடையாது. பிரேக் நல்லா பிடிச்சதே ஆபத்தாப் போன காலம் அது.

1885ல ஜான் கெம்ப் ஸ்டார்லியோட ரோவர் சைக்கிள் வந்தது. கிட்டத்தட்ட ஒரே அளவுல ரெண்டு சக்கரம், நடுவுல பெடல், பின்சக்கரத்துக்கு செயின். இன்னிக்கு நாம ஓட்டுறது அடிப்படையில அதே வண்டிதான். 1888ல ஜான் பாய்ட் டன்லப், பெல்ஃபாஸ்ட்ல இருந்த ஒரு மாட்டு டாக்டர், காத்தடிச்ச டயருக்குக் காப்புரிமை வாங்கினார். உலகமே மெத்துமெத்துன்னு ஓட ஆரம்பிச்சது.

இங்கதான் பிரேக்குக்கு வேலை போச்சு. காத்தடிச்ச டயர் விலை அதிகம், தோலும் மெல்லிசு. அது மேல இரும்புக் கரண்டியை வெச்சுத் தேய்ச்சா டயர் சீக்கிரம் காலி. அப்போ பிரேக் எங்க போய்ப் பிடிக்கணும்? டயரை விட்டா பக்கத்துல இருக்கிறது ரிம்தான். அன்னிக்கு பிரேக் டயரை விட்டு இறங்கி ரிம்முக்கு வந்தது. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல சைக்கிள் பிரேக்கோட கதைன்னா பெரும்பாலும் ரிம்மோட கதைதான். லீவரும் கம்பியும் கேபிளும் பக்க வேஷம். இந்தப் பதிவுல ஒரே ஒரு வரிதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க.

கம்பி பிரேக் எப்படி வேலை செய்யுது

உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ பழைய கறுப்பு சைக்கிள் இருந்தா எழுந்து போய் ஒரு தடவை பாருங்க. லீவர் ஹேண்டில் பாரோட சேர்ந்தே வரும். லீவரை இழுத்தா முன்னாடி ஒரு கம்பி நேரா மேல ஏறும். அந்தக் கம்பியோட கீழ் முனையில குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச பட்டை ஒண்ணு சக்கரத்தைக் கவ்விக்கிட்டு இருக்கும். லாடத்தோட ரெண்டு நுனியிலயும் ஒவ்வொரு பிரேக் கட்டை. இந்தக் கட்டை ரிம்மோட பக்கவாட்டுல பிடிக்காது. உள்பக்கத்துல, அதாவது போக்ஸ் கம்பி கிளம்புற பக்கத்துல, கீழே இருந்து மேல பார்த்து அழுத்தும். பின்சக்கரத்துக்கு இதே ஏற்பாடு, நாலஞ்சு கம்பியும் மூட்டும் சேர்ந்து சுத்தி வளைச்சுப் போகும். ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம். அந்தக் கடகட சத்தத்தை வெச்சே அப்பா தெருமுனை திரும்பிட்டார்னு அம்மா தோசைக்கல்லைப் போடுவாங்க.

இதுக்குன்னே ஒரு ரிம் உண்டு. பேரு வெஸ்ட்வுட். குறுக்க வெட்டிப் பார்த்தா ரெண்டு பக்கமும் உருண்டையா இருக்கும், நடுவுல போக்ஸ் நிப்பிள் உட்காரும் இடம். உருண்டையான அந்த உள்முகம்தான் பிரேக் கட்டைக்கு. பக்கவாட்டுல தட்டையா ஒரு இடமும் கிடையாது. அதனால இன்னிக்குக் கடையில கிடைக்கிற காலிபர் பிரேக்கை வாங்கி இந்த ரிம்ல மாட்டினா கட்டை ஒழுங்கா உட்காரவே உட்காராது. வெளிநாட்டுக் கட்டுரைகள்ல வர்ற "நல்ல காலிபர் வாங்கி மாத்திக்கோங்க"ங்கிற அறிவுரை முதல் அடியிலேயே படுத்துடும்.

அந்தக் காலத்துல கேபிள் இல்லாமலா கம்பி வெச்சாங்க? அதுவும் இல்ல. எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896லயே உறைக்குள்ள ஓடுற கேபிளுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். இன்னிக்கு பைக் கிளட்ச்ல இருந்து சைக்கிள் பிரேக் வரைக்கும் ஓடுறது அவரோட கேபிள்தான். இங்கிலாந்துல 1930கள்ல ஸ்போர்ட்ஸ் மாடல்கள்ல தட்டைப் பக்கம் வெச்ச எண்ட்ரிக் ரிம்மும் காலிபரும் வந்தாச்சு. அலுமினிய ரிம்மும் அதே காலம்தான். 1934ல பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துல ஜெயிச்ச அன்டோனின் மாங், மாவிக் கம்பெனியோட அலுமினியக் கலவை ரிம்மை, மர ரிம் மாதிரி பெயிண்ட் அடிச்சு ரகசியமா ஓட்டினார்னு ஒரு பிரபலமான கதை உண்டு.

ஆக, கேபிளும் இருந்தது, அலுமினியமும் இருந்தது. அப்புறம் ஏன் நம்ம ஊருல கம்பியும் இரும்பும்?

அம்பத்தூர் வண்டி

சுதந்திரத்துக்கு முன்னாடி இங்க ஓடினது பெரும்பாலும் இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்த சைக்கிள். அப்புறம் இங்கேயே செய்யணும்னு ஒரு அலை. 1949ல முருகப்பா குழுமம், இங்கிலாந்தோட டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கூட சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பிச்சாங்க. 1951ல அம்பத்தூர்ல இருந்து ஹெர்குலிஸ் வெளிய வந்தது. அதே 1951ல சோனிபட்ல அட்லஸ், 1956ல லூதியானாவுல ஹீரோ. அசன்சோல்ல சென்-ராலே. எல்லாருமே கிட்டத்தட்ட ஒரே வண்டியைத்தான் செஞ்சாங்க: இங்கிலாந்து ரோட்ஸ்டர், 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக், வெஸ்ட்வுட் ரிம்.

இதை "இந்தியாக்காரன் பழசையே கட்டிக்கிட்டு அழுதான்"னு சொல்றது சுலபம். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு இன்ஜினியரா உட்கார்ந்து யோசிச்சா, அன்னிக்கு நம்ம ரோட்டுக்கு அது நல்ல டிசைன்தான். மூணு காரணம் சொல்றேன்.

ஒண்ணு, ரிப்பேர். கேபிள் அறுந்தா புதுக் கேபிள் வேணும். கம்பி வளைஞ்சா ஒரு சுத்தியல் போதும். புளியமரத்தடியில பம்ப்பும் பஞ்சர் சாமானும் வெச்சிருக்கிற அண்ணன் சரி பண்ணிடுவார்.

ரெண்டு, கோட்டம். நெல் மூட்டை ஏத்தி, பள்ளத்துல விட்டு எடுத்தா ரிம் இடதும் வலதுமா கோணிக்கும். காலிபர் பிரேக் பக்கவாட்டுல பிடிக்கிறது, ரிம் கோணினா ஒவ்வொரு சுத்துக்கும் உரசும். கம்பி பிரேக் உள்பக்கத்துல பிடிக்கிறதால பக்கவாட்டுக் கோட்டத்தை அது பெருசா கண்டுக்காது. ரிம் உருண்டை கெட்டு மேல கீழ ஏறி இறங்கினாத்தான் அதுக்குப் பிரச்சினை.

மூணு, உப்புக் காத்து. கோவளத்துல இருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டாம். உறைக்குள்ள இருக்கிற சாதா கேபிள் வெளிய தெரியாம துருப்பிடிச்சு ஒருநாள் இறுகிக்கும். கம்பியும் துருப்பிடிக்கும், ஆனா கண்ணுக்கு எதிர்ல பிடிக்கும். சொட்டு எண்ணெய் விட்டா சரி.

இதோட இன்னொண்ணும் சேர்ந்தது. லட்சக்கணக்குல ஒரே மாதிரி வண்டி ஓடினதால எந்த ஊருக் கடையிலயும் ஒரே டயர், ஒரே ரிம், ஒரே கட்டை. லூதியானாவுல சின்னச் சின்னப் பட்டறைகள் இந்த உதிரி பாகங்களைச் செஞ்சு குவிச்சாங்க. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, எல்லாரும் ஒரே வெர்ஷன்ல இருந்தோம். சப்போர்ட் சுலபம், அப்கிரேட் கஷ்டம்.

எண்பதுகள்ல இலகு ரக சைக்கிள்களும், தொண்ணூறுகள்ல கெட்டி டயர் எம்.டி.பி. ரகங்களும் வந்தப்பதான் கேபிள் பிரேக் நம்ம தெருவுல பரவலாச்சு. ஆனா கவனிங்க, அதுலயும் பெரும்பாலும் ரிம் அதே குரோம் பூசின இரும்புதான். பிரேக் பார்க்கப் புதுசா இருந்தது, பிடிக்கிற இடம் பழசாவே இருந்தது.

நனைஞ்ச இரும்பு

இப்போ அப்பாவோட "கொஞ்சம் தள்ளி நிக்கும்"க்கு வருவோம்.

அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில 1970களோட தொடக்கத்துல, மழையில சைக்கிள் பிரேக் ஏன் பிடிக்கலைன்னு உட்கார்ந்து அளந்தாங்க. அங்க பேராசிரியரா இருந்த டேவிட் கார்டன் வில்சன் சேர்ந்து எழுதின சைக்கிள் அறிவியல் புத்தகத்துலயும் அந்த ஆய்வு வருது. முடிவு பகீர்னு இருக்கும்: குரோம் பூசின இரும்பு ரிம் நனைஞ்சா, சாதா ரப்பர் கட்டைக்குக் கிடைக்கிற உராய்வு, காய்ஞ்சப்ப இருந்ததுல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குக்கு இறங்கிடுது. கட்டை தண்ணியை வழிச்சு எடுக்க சக்கரம் பல சுத்து சுத்தணும். அதுக்கப்புறம்தான் பிடிமானம் திரும்பி வரும்.

குரோம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். ரப்பருக்கும் அதுக்கும் நடுவுல தண்ணி படலமா நின்னுக்கும். அலுமினியம் நனைஞ்சாலும் பிடிமானம் குறையும், ஆனா இந்த அளவுக்குக் கவுத்து விடாது.

சின்ன கணக்கு ஒண்ணு. சைக்கிள் மணிக்கு 20 கிலோமீட்டர்ல போகுதுன்னு வைங்க. அதாவது நொடிக்கு சுமார் 5.5 மீட்டர். காய்ஞ்ச ரிம்ல பிரேக் சுமாரா நொடிக்கு நொடி 4 மீட்டர் வேகத்தைக் குறைக்குதுன்னு எடுத்துக்கிட்டா, பிடிச்சதுல இருந்து நிக்கிறதுக்குள்ள ஓடுற தூரம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பிடிமானம் பத்துல ஒண்ணா ஆயிட்டா அதே தூரம் சுமார் 38 மீட்டர். நம்ம அரசு பஸ் மூணை வரிசையா நிறுத்தினா வர்ற நீளம். நடுவுல ரிம் கொஞ்சம் வழிச்சு விடப்பட்டா தூரம் குறையும், காலை ஊனினா இன்னும் குறையும். ஆனா அப்பா சொன்ன "கொஞ்சம்" இல்ல அது.

அப்போ இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாங்க? இதுக்கான பதில் ரெண்டு இடத்துல இருக்கு. முதல் பதில் வானத்துல. செங்கல்பட்டுப் பக்கம் மழையில பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழையில கொட்டுது. ஆடி, ஆவணியில அப்பப்போ மாலை மழை. மத்த நாள் பூரா ரிம் காய்ஞ்சுதான் கிடக்கும். ஒரு வருஷத்துல பெரும்பாலான நாள் ஒழுங்கா வேலை செய்யற பிரேக் மேல யாருக்கும் சந்தேகம் வராது. எப்பவாவது வர்ற பக் மாதிரிதான், வர்ற அன்னிக்கு மட்டும்தான் தெரியும்.

மாறினது ரோடு

ரெண்டாவது பதில் ரோட்டுல இருக்கு. எனக்கு முக்கியமாப் படுறது இதுதான்.

சதுரங்கப்பட்டினத்துல இருந்து கிளம்பி திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம்னு திருத்தணி வரைக்கும் போறது மாநில நெடுஞ்சாலை 58. தாத்தா அதுல சைக்கிள் ஓட்டின காலத்துல எதிர்ல வந்தது மாட்டு வண்டி, இன்னொரு சைக்கிள், எப்பவாவது பஸ். எல்லாருமே மெதுவா வந்தாங்க. மழை வந்தா எல்லாரும் சேர்ந்து இன்னும் மெதுவானாங்க. முப்பது மீட்டர் தள்ளி நின்னாலும் அந்த முப்பது மீட்டர் ரோடு காலியா இருந்தது.

அப்புறம் ஒவ்வொண்ணா மாறிச்சு. கிழக்குக் கடற்கரைச் சாலை 2002 வாக்குல டோல் ரோடா மாறினது. பிறகு மாமல்லபுரம் வரைக்கும் நாலு வழி. இந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, மறைமலைநகர், தொழிற்சாலைகள், ஷிப்ட் பஸ்கள். 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனி மாவட்டமாச்சு. 2022ல பூஞ்சேரியில செஸ் ஒலிம்பியாட் நடந்தப்ப ரோடெல்லாம் பளபளன்னு ஆச்சு. நல்லதுதான், குறை சொல்லலை. ஆனா ரோடு நல்லானா முதல்ல ஏறுறது வேகம். காருக்கு டிஸ்க் பிரேக் வந்தது, ஏ.பி.எஸ். வந்தது. பைக்குக்கும் வந்தது. முன்னாடி போற கார் சட்டுனு நிக்குது. பின்னாடி வர்ற கம்பி பிரேக் சைக்கிள் 1951லயே இருக்கு.

ஞாயித்துக்கிழமை விடிகாலை ஈ.சி.ஆர். பக்கம் போனா இதை நேர்லயே பார்க்கலாம். லட்ச ரூபா கார்பன் சைக்கிள்ல ஹெல்மெட் மாட்டிக்கிட்டு கூட்டமாப் போவாங்க. அதுல இப்போ ரிம் பிரேக்கே அரிது, டிஸ்க்தான். 2018ல ரோட் ரேஸ்லயே டிஸ்க் பிரேக்கை முழுசா அனுமதிச்சப்புறம் கம்பெனிக்காரங்க அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. அவங்களுக்குப் பக்கத்துலயே, ரோட்டோர மண்ணுல, மீன் கூடையோ பால் கேனோ கட்டின கறுப்பு சைக்கிள் ஒண்ணு போகும். பிரேக் அதிகமா தேவைப்படுறது யாருக்கு? உடற்பயிற்சிக்குப் போறவர் மழை வந்தா வீட்டுல இருந்துக்கலாம். பால் கேன்காரர் இருக்க முடியாது. மழையில கட்டாயம் ஓட்டியே ஆகணும்கிறவங்க கையிலதான் மழையில பிடிக்காத பிரேக் இருக்கு. பிரேக் அப்கிரேட் பத்தி எழுதுறவங்க யாரும் இவங்களுக்கு எழுதறதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதல்ல காசு செலவில்லாத வேலை. சக்கரத்தைச் சுத்தி விட்டு உருண்டையா இருக்கான்னு பாருங்க. கம்பி பிரேக்குக்கு பக்கவாட்டுக் கோட்டத்தை விட மேல கீழ ஏறி இறங்குறதுதான் எதிரி. அதை எடுத்துட்டாலே கட்டையை ரிம்முக்கு நெருக்கமா வைக்கலாம். மூட்டுகளுக்கு எண்ணெய், ஆனா ரிம்ல ஒரு சொட்டு கூட படக்கூடாது. ரிம்மோட உள்முகத்துல இருக்கிற துருவையும் பிசுக்கையும் எடுங்க. கல்லு மாதிரி இறுகிப்போன கட்டையைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க. மழையில ஓட்டும்போது நிறுத்த வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாடியே லேசா பிரேக்கைப் பிடிச்சபடி வாங்க. தண்ணியை வழிக்க அதுக்கு நேரம் குடுக்கணும்.

அடுத்தது ரிம் மாத்துறது. இங்கதான் நம்ம வண்டியோட ஜாதகம் குறுக்க வரும். இங்கிலாந்து ரோட்ஸ்டர் வழக்கப்படி முன் ஹப்புல 32 ஓட்டை, பின் ஹப்புல 40 ஓட்டை. இன்னிக்குக் கடையில சுலபமா கிடைக்கிற அலுமினிய ரிம் 32 அல்லது 36 ஓட்டைதான். அதனால பின்சக்கரத்துக்கு அலுமினியம் போடணும்னா ஹப்பும் மாத்தணும், அதோட ஃபிரீவீல், செயின் லைன்னு வால் நீண்டுக்கிட்டே போகும்.

முன்சக்கரத்துக்கு அந்தத் தொல்லை இல்ல. பழைய ஹப்பை அப்படியே வெச்சுக்கிட்டு, 32 ஓட்டை 700சி அலுமினிய ரிம்மைக் கோத்துக்கலாம். போக்ஸ் நீளம் மட்டும் மாறும். பழைய 28 அங்குல ரிம்ல டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர், 700சிக்கு 622. ஆரத்துல 6.5 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. வி-பிரேக் போட ஃபோர்க்ல முளை வேணும், நம்ம ஃபோர்க்ல கிடையாது. அதனால நீளக் கை வெச்ச காலிபர். ஃபோர்க் தலையில மட்கார்டு போல்ட்டுக்கு இருக்கிற ஓட்டையில இருந்து ரிம் பக்கம் வரைக்கும் எவ்வளவு தூரம்னு அளந்துட்டுத்தான் காலிபர் வாங்கணும். வலது கை கம்பி லீவரைக் கழட்டிட்டு அந்த இடத்துல கேபிள் லீவர். கேபிள் மட்டும் துருப்பிடிக்காத ஸ்டீலா வாங்குங்க, கடலோரம் நம்முது.

முன்சக்கரம் மட்டும் மாத்தினா போதுமான்னு கேக்கலாம். பிரேக் பிடிக்கும்போது உடம்போட பாரம் முன்னாடி சாயும், அதனால நிறுத்துற வேலையில பெரும்பங்கு முன்சக்கரத்துதுதான். ஆள் உயர சக்கரக் காலத்துல குப்புறத் தள்ளின அதே விதி, ரோவர் வடிவத்துல நமக்கு உதவியா ஆயிடுச்சு. ஆனாலும் பழக்கம் இல்லாதவங்க முன் பிரேக்கைத் திடீர்னு முழுசா பிடிக்கக் கூடாது. ஒரு வாரம் வெறும் ரோட்டுல பழகணும்.

எங்க வீட்டுல செஞ்சது இதுதான். கோட்டம் எடுக்கிற அண்ணன் ஒருத்தர் ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து சக்கரம் கோத்துக் குடுத்தார். "இந்த வண்டிக்கு இந்த ரிம்மா தம்பி?"ன்னு கேட்டுட்டேதான் கோத்தார். அப்பாவுக்கு முதல்ல பிடிக்கலை. "முன்னாடி புதுசு, பின்னாடி பழசு, பார்க்க பொய்ப்பல் கட்டின மாதிரி இருக்கு"ன்னார். தெருக்குழாய்ல ரெண்டு குடம் தண்ணி பிடிச்சு சக்கரத்து மேல ஊத்தி, ஓட்டிப் பாருங்கன்னு குடுத்தேன். போனார், பிடிச்சார், நின்னார். ஒண்ணும் சொல்லலை. திரும்பி வந்து அவரே இன்னொரு குடம் ஊத்திட்டு இன்னொரு ரவுண்டு போனார்.

பின்சக்கரத்துல கம்பி பிரேக்கை விட்டு வெச்சதுக்கு 40 ஓட்டை ஒரு காரணம். இன்னொரு காரணம், அது கெட்ட பிரேக் இல்ல. புளியமரத்தடி மெக்கானிக்கையும், நெல் மூட்டையையும், வெயிலையும் மனசுல வெச்சு யாரோ யோசிச்சு செஞ்ச பிரேக். அது செஞ்ச ரோடு இப்போ இல்ல, அவ்வளவுதான். பழைய சைக்கிளைத் தூக்கிப் போடவும் வேண்டாம், பழசுங்கிற பாசத்துல அப்படியே மழையில அனுப்பவும் வேண்டாம். எது மாறினாப் போதுமோ அதை மட்டும் மாத்தலாம்.

டிஸ்கி: இதைப் பார்த்துட்டு ஃபோர்க்ல புதுசா ஓட்டை போடுறது, முளை வெல்டு பண்றதுன்னு கிளம்பிடாதீங்க. ஏற்கனவே ஓட்டை இருந்தா மட்டும் காலிபர். இல்லைன்னா நல்ல கட்டை, உருண்டையான ரிம், நிதானமான வேகம். உங்க வீட்டுல இன்னும் கம்பி பிரேக் சைக்கிள் ஓடுதுன்னா, அதை யார் ஓட்டுறாங்க, மழையில எப்படி நிறுத்துறாங்கன்னு கேட்டு வந்து சொல்லுங்க. அடுத்த ஐப்பசிக்குள்ள கேட்டுடுங்க.